மாத்திரைக்கு அப்புறம்?

ஹாஸ்டல்ல ஒருத்தன் ரெண்டு நாள் யாரோடும் பேசலைன்னா போதும், "டேய், கீழ்ப்பாக்கம் கேஸ்டா!" என்று பட்டம் கட்டிவிடுகிறோம். 1794-ல் தொடங்கிய அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் தொழிற்சிகிச்சை என்று ஒரு பிரிவே உண்டு. தையல், ரொட்டி தயாரிப்பு என்று நோயாளிகளே வேலை செய்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மனச்சிதைவு போன்ற கடுமையான நோய்க்கு மாத்திரை அவசியம். "மாத்திரையைத் தூக்கிப் போடு, தியானம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் யோகாவை ஆராய்ந்தவர்கள்கூட மருந்தோடு சேர்த்துத்தான் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆனால் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டால்? காதில் கேட்ட குரல்கள் அடங்கலாம். ஒலான்ஸபின், க்ளோஸபின் போன்ற மருந்துகளால் பசி கூடும், எடை ஏறும், சர்க்கரை நோயும் வரலாம். அதோடு பீடி, சிகரெட். நாள் முழுக்கப் படுக்கை. இவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலை ஒரு காரணம்தான். ஆனால் அதிகம் பேரைக் கொண்டுபோவது மாரடைப்பு போன்ற உடல் நோய்களே! நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாலும், "அது உன் பிரமைப்பா" என்று அனுப்பிவிடுகிற கொடுமை வேறு.

ஆகவே எடையும் சர்க்கரையும் பார்ப்பது, தினசரி நடை, புகையை விட உதவி, சத்தான சாப்பாடு, பேச நாலு பேர், கையில் ஒரு வேலை... இத்தனையும் சேர்ந்தால்தான் சிகிச்சை. (பணக்காரர்கள் போகும் மசாஜ் விடுதி சமாச்சாரம் இல்லை இது!) நியூயார்க்கில் 1948-ல் தொடங்கிய ஃபவுண்டன் ஹவுஸில் சமையல் முதல் ஆபீஸ் வேலை வரை ஊழியர்களோடு அவர்களும் சேர்ந்து செய்கிறார்கள். அங்கே அவர்களுக்கு 'நோயாளி' என்று பெயரில்லை, 'உறுப்பினர்'. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியதும் இவர்களுடைய மறுவாழ்வுக்காகத்தான்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. அரசு வேலையில் ஒதுக்கீடும் உண்டு. டிப்ளமோ முடித்து நாளைக்கு சூப்பர்வைசராகப் போகிறவர்கள் நாம். அப்படி ஒருவர் நம் ஷாப்புக்கு வந்தால் நைட் ஷிப்ட் போடாதீர்கள். தூக்கம் கெட்டால் நோய் திரும்பலாம். காலையில் மாத்திரை அசதி இருந்தால் பிரஸ் மெஷினில் நிறுத்தாமல் ஸ்டோரிலோ இன்ஸ்பெக்‌ஷனிலோ போடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக அவர் ஒருநாள் லீவு கேட்டால், எல்லார் முன்னாலும் காரணம் கேட்காதீர்கள்.