ஜன்னலோரத் தோட்டம் - 9: கஞ்சாச் செடியும் பொள்ளாச்சி நார்த்தூளும்

தலைப்பைப் பார்த்துட்டு ஆட்டோ அனுப்பிடாதீங்க மக்கா. கனடாவில் 2018 அக்டோபர் 17-லிருந்து கஞ்சா சட்டப்படி சரி. வீட்டுக்கு நாலு செடி வரை வளர்த்துக்கலாம் (ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு!). கியூபெக் மாகாணத்தில் வீட்டில் வளர்க்கக் கூடாதுன்னு தனிச் சட்டம் போட்டாங்க. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. நம்ம ஊரில் 1985 போதைப்பொருள் சட்டப்படி செடி வச்சாலே பத்து வருஷம் வரை உள்ளே. அதனால ஊரில் இருக்கறவங்க இதைத் தக்காளி, மிளகாய்க்கான பதிவா நினைச்சுப் படிங்க. உப்புக் கணக்கோட அடிப்படை எல்லாச் செடிக்கும் ஒண்ணுதான்.

இங்கே வான்கூவரில் எங்க வாடகை வீட்டு பேஸ்மென்ட்டில் கூட இருக்கற கனடாக்காரப் பையன் நாலு செடி வச்சிருக்கான். ஓனர்கிட்ட எழுத்தில் அனுமதி வாங்கிட்டுதான். செடி தெருவிலிருந்து பார்த்தா தெரியக் கூடாதுங்கறது இந்த மாகாண விதி, அதனால இந்த வாரம் ஜன்னலோரம் கிடையாது. இலை மஞ்சளானா கடைக்காரர் நீட்டறது ஒரே மருந்து: கால்சியம்-மெக்னீசியம் பாட்டில். அது உண்மையிலேயே தேவையா, இல்லை பர்ஸைக் காலி பண்ற வேலையா?

முதல்ல தண்ணி. ஊரில் போர் தண்ணி காய்ச்சற பாத்திரத்தில் வெள்ளையா படியுமே, அது பெரும்பாலும் கால்சியமும் கொஞ்சம் மெக்னீசியமும்தான். வான்கூவருக்கு வர்றது கேப்பிலானோ, சீமோர், கொக்விட்லம் நீர்த்தேக்கங்களில் சேரும் மழைத் தண்ணியும் பனி உருகின தண்ணியும். கெட்டிலில் ஒரு பொட்டு உப்பு படியாது. டொராண்டோவில் ஒன்டாரியோ ஏரித் தண்ணி, லிட்டருக்கு சுமார் 35 மில்லிகிராம் கால்சியம் இலவசமாவே வருது. அங்கே இருக்கறவர் எழுதின அளவை இங்கே அப்படியே ஊத்தினாலும் தப்பு, இங்கே உள்ளதை அங்கே ஊத்தினாலும் தப்பு.

ரெண்டாவது, நம்ம ஊர் சரக்கு. இங்கே வீட்டுக்குள் செடி வளர்க்கறவங்க நிறைய பேர் மண்ணுக்குப் பதிலா தென்னை நார்த்தூளைத்தான் தொட்டியில் நிரப்பறாங்க. பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செங்கல் மாதிரி அழுத்திக் கப்பலேத்தற அதே சமாச்சாரம். நார்த்தூளை ஒரு டவுன் பஸ்ஸா நினைச்சுக்குங்க. சீட்டில் பொட்டாசியமும் சோடியமும் ஏற்கனவே துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சம் பலசாலிங்க. ஏறினதும் இவங்களை எழுப்பிட்டு உட்கார்ந்துக்குவாங்க. விளைவு? நாம ஊத்தின கால்சியம் நார்த்தூளுக்குப் போயிடும், எழுந்து நிக்கற பொட்டாசியம் வேருக்குப் போயிடும். புது நார்த்தூளைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவச்சு அலசணும்னு சொல்றது இதுக்குத்தான்.

மூணாவது, காத்து. கால்சியம் செடிக்குள்ள தண்ணி கூடவேதான் மேலே ஏறும். இலை வழியா நீர் ஆவியானாத்தான் அந்தப் பம்பு ஓடும். பழைய சோடியம் விளக்கு சூடா இருந்தது, எல்.இ.டி.யில் இலை அவ்வளவு சூடாகாது. மூடின கூடாரம், புழுக்கம் வேறன்னா பம்பு மந்தமாயிடும். அப்போ பாட்டிலை விட ஒரு சின்ன ஃபேன் அதிகமா உதவும்.

எது குறைச்சல்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? மெக்னீசியம் செடிக்குள் இடம் மாறும். பத்தாதப்போ பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால அடி இலையில் நரம்பு பச்சையா இருக்க, நடுவில் மஞ்சளாகும். பச்சையத்தோட நட்டநடுவில் இருக்கறதே மெக்னீசியம் அணுதானே! கால்சியம் போட்ட இடத்தை விட்டு நகராது. அதனால மேலே தளிர் சுருளும், புது இலையில் பழுப்புப் புள்ளி விழும். ரெண்டுமே வேர்ப்பக்கம் பி.எச். தவறினாலும் வரும். நார்த்தூளுக்கு 5.8-லிருந்து 6.2 வரை இருந்தா நல்லது. பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

இனி மாணவர் பட்ஜெட். அந்தப் பாட்டிலில் இருக்கறது பெரும்பாலும் தண்ணி, மீதி கால்சியம் நைட்ரேட், ஒரு மெக்னீசிய உப்பு, சிலதில் கொஞ்சம் இரும்பு. உப்பாவே வாங்கினா ரொம்ப மலிவு. உரக் கால்சியம் நைட்ரேட்டில் 19 சதவீதம் கால்சியம், 15.5 சதவீதம் நைட்ரஜன். லிட்டருக்கு அரை கிராம் போட்டா 95 மி.கி. கால்சியம். எப்சம் உப்பில் கிட்டத்தட்ட 10 சதவீதம் மெக்னீசியம். 0.4 கிராம் போட்டா சுமார் 40 மி.கி. எங்க ஊர் தண்ணிக்கு இது கணக்கா இருக்கும். ரெண்டையும் கெட்டியாக் கரைச்சு ஒரே பாட்டிலில் வைக்காதீங்க, ஜிப்சமா அடியில் உறைஞ்சிடும். கூடவே 78 மி.கி. நைட்ரஜன் வருது, அதை மத்த உரத்தில் கழிச்சுக்கணும். அளவு மீறினா பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் மூணும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு வேறொரு குறையைக் கொண்டுவரும்.

எனக்கு உறுத்தற விஷயம் ஒண்ணு. நார்த்தூள் பையில் 'கழுவியது'ன்னு பெருமையா அச்சடிச்சிருப்பாங்க. கழுவின தண்ணி எங்கே போச்சு? கிணத்துத் தண்ணி பழுப்பாயிடுச்சுன்னு பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிங்க புகார் சொல்றது இதைத்தான். நம்ம தொட்டியில் உப்பு குறைய, யாரோ ஒருத்தரோட கிணத்தில் உப்பு ஏறுது. நாம செய்யக்கூடியது சின்னதுதான்: ஒரு அறுவடை முடிஞ்சதும் நார்த்தூளைக் குப்பையில் கொட்டாதீங்க. வேரைப் பொறுக்கிட்டு, நல்லா அலசினா மறுபடியும் பயன்படும். அதுக்குள்ள சீட்டெல்லாம் கால்சியம் பிடிச்சிருக்கும், அதனால ரெண்டாம் தடவை உப்புச் செலவும் குறைவு.

கடைசியா, இங்கே படிக்க வந்த தம்பி தங்கைகளுக்கு: வாடகை ஒப்பந்தத்தைப் படிங்க. ஊருக்குப் போறப்போ விளையாட்டுக்குக்கூட ஒரு இலையைப் பையில் வைக்காதீங்க. கனடா எல்லையைத் தாண்டிக் கொண்டுபோறது இங்கேயே குற்றம்.

உங்க ஊர் கெட்டிலில் உப்பு படியுதா? பின்னூட்டத்தில் சொல்லுங்க. அடுத்த வாரம் பனிக்காலத்தில் கறிவேப்பிலை, யாரும் பயப்பட வேண்டாம் :-)