லண்டன் தள்ளிப் போகவில்லை. பயண நேரம் ஏன் நீள்கிறது?

பிள்ளையை லண்டனுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது கட்டணம். அடுத்த கேள்வி, “எத்தனை மணி நேரம்?” இந்த இரண்டாவது கேள்விக்கு வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிட முடியாது.

கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நேர்தூரம் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். பெரிய விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. வகுத்துப் பார்த்தால் 12 மணி நேரம்கூட ஆகக்கூடாது. ஆனால் நேரடி விமானத்திலேயே ஏறக்குறைய 14 மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.

ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் கொஞ்சம். காற்று இன்னும் கொஞ்சம். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும். அதனால்தான் வீடு திரும்பும் பயணம் சுமார் ஒரு மணி நேரம் குறைகிறது.

மீதிக் கணக்கு அரசியல். இரு நகரங்களுக்கும் இடையே உருண்டையின் மேல் நூல் பிடித்தால், அது வங்காள விரிகுடா, வட இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடலின் வடமுனை, தென் ரஷ்யா, உக்ரேன் வழியாகப் போகும். நமக்கு அந்த வழி புதிதல்ல. 2014 ஜூலை 17-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்துகொண்டிருந்த எம்எச்17 கிழக்கு உக்ரேன் வானில்தான் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 உயிர்கள் போயின. 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரேன் வானம் பயணிகள் விமானங்களுக்கு முழுவதும் மூடப்பட்டது.

மிச்சமிருக்கும் வழிகளும் உறுதியில்லை. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது தாய் ஏர்வேஸ் தன் ஐரோப்பியச் சேவைகளையே ரத்து செய்தது. 2025 ஜூனில் ஈரான் வானம் மூடப்பட்டது. அதே மாதம் 23-ஆம் தேதி கத்தாரும் சில மணி நேரம் மூடியது. டோஹாவில் விமானம் மாறவிருந்த ஆயிரக்கணக்கானோர் வழியில் சிக்கினார்கள். சண்டை யாருக்கும் யாருக்குமோ; விமான நிலையத் தரையில் துண்டு விரித்துப் படுப்பது பயணிதான்.

சுற்றிப் போனால் எரிபொருள் கூடும். எரிபொருள் கூடினால் அது டிக்கெட்டில் வந்து நிற்கும். மாற்று விமானத்தில் சில நூறு ரிங்கிட் மிச்சம் பிடிக்கலாம் என்று நம்மில் பலர் நினைப்பது நியாயமே. ஆனால் மலிவுக்காக இரு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், பொதுவாக அந்த டிக்கெட் போனதுதான். புதிதாக வாங்க வேண்டும். ஒரே முன்பதிவாக எடுத்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. இறுதிச் சடங்குக்காக அவசரமாக ஓடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, டிக்கெட்டில் உள்ள கடிகாரம். இரவு 10 மணிக்குக் கிளம்பி அதிகாலை 5 மணிக்கு லண்டன் என்று போட்டிருந்தால், பயணம் ஏழு மணி நேரம்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கோடையில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, குளிர்காலத்தில் 8. தைப்பிங்கிலிருந்தோ சிகாமட்டிலிருந்தோ பேருந்து ஏறி கேஎல்ஐஏ வந்து சேரும் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். எந்த வேளைக்கு எதைப் போடுவது என்பதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.