எழுத்துக் கூட்டக் கற்றுக் கொடுங்கள்!

கருவடிக்குப்பம். பஸ்ஸின் முகப்புப் பலகையில் உழைக்கும் மக்கள் தினந்தோறும் பார்க்கும் ஊர்ப் பெயர். மொத்தம் ஒன்பது எழுத்துக்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்த பிள்ளைகளிடம் இதைக் காட்டுங்கள். சில பிள்ளைகள் மளமளவென்று படித்து விடும். சில பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து ஒன்பதையும் பிழையின்றிச் சொல்லும். "சரி, சேர்த்துச் சொல், எந்த ஊர்?" என்று கேட்டால் விழிக்கும். எழுத்தும் தெரியும், ஊரும் தெரியும். இரண்டையும் இணைக்கத்தான் தெரியவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி "மூளை இல்லை", "படிப்பு ஏறவில்லை" என்று தீர்ப்புக் கூறி விடுகிறார்கள். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு எங்கே வரப் போகிறது என்ற பழைய இளக்காரமும் அந்தத் தீர்ப்புக்குள் ஒளிந்திருக்கிறது. பெற்றோரும் அதை நம்பி, "எங்கள் தலையெழுத்து" என்று வாயடைத்து நிற்கிறார்கள். இந்தத் தீர்ப்பை நாம் அடியோடு மறுக்கிறோம். குறை பிள்ளையின் மூளையில் இல்லை. ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கும் வித்தையை யாரும் அதற்குக் கற்றுக் கொடுக்கவில்லை. கற்றுக் கொடுத்தால் வரும். கற்றுக் கொடுக்க வேண்டிய கடமை பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும் உண்டு.

பேச்சு குழந்தைக்குத் தானாக வருகிறது. தாய் பேசுவதைக் கேட்டே அது பேசிவிடும். எழுத்து அப்படியல்ல. அது மனிதன் உழைத்துச் செய்த கருவி. எந்தக் கருவியையும் போல, பிடிக்கும் முறையை ஒருவர் காட்டித்தான் தீர வேண்டும். தறியின் முன்னால் ஒருவனை உட்கார வைத்து, ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, "ஏன் துணி வரவில்லை?" என்று அதட்டினால் அது நியாயமா? பல வகுப்புகளில் நடப்பது இதுதான்.

தமிழில் இந்தக் கஷ்டம் எங்கே இருக்கிறது? முதலாவது, எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு. 'ம்' என்ற எழுத்தைப் பிள்ளைக்கு 'இம்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். அது 'அ, இம், மா' என்று வரிசையாகச் சொல்கிறது. இதை எத்தனை வேகமாகச் சொன்னாலும் 'அம்மா' வராது. உதட்டை மூடி 'ம்' என்ற வெறும் ஒலியைக் காட்டினால் அடுத்த நொடியே 'அம்மா' வந்து விடுகிறது. இங்கிலீஷிலும் இதே கதைதான். 'சி, ஏ, டி' என்று எழுத்தின் பெயரைக் கூவினால் எந்தக் காலத்திலும் 'கேட்' என்ற பூனை வராது.

இரண்டாவது, கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் சில இடங்களில் மாறி நிற்கின்றன. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னே கொம்பு, பின்னே கால், நடுவில் எழுத்து. மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி. இதைத் தனியாக எடுத்துச் சொல்லாவிட்டால் பிள்ளை தடுமாறத்தான் செய்யும்.

மூன்றாவது, ஒரே எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறுகிறது. ஊர்ப் பெயரையே பாருங்கள். 'வடி' என்ற இடத்தில் 'டி' மெதுவாக ஒலிக்கிறது. அதுவே 'வட்டி' என்றால் அழுத்தமாக விழுகிறது. 'கல்' என்ற சொல்லில் உள்ள 'க' வேறு, 'பகல்' என்ற சொல்லில் கேட்கும் 'க' வேறு. இது விதிப்படி நடப்பதுதான். ஆனால் தனி எழுத்தை மட்டும் ஒப்பிப்பவனுக்கு அந்த விதி புலப்படாது. சொல்லாகச் சேர்த்துப் பழகியவனுக்கே புலப்படும். குறிலும் நெடிலும் அப்படியே. கல், கால், படம், பாடம், பட்டம். ஓர் ஒலி நீண்டாலும் இரட்டித்தாலும் பொருளே மாறிவிடுகிறது.

ஆகவே 247 எழுத்தையும் ஒப்பித்து முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருப்பது வீண். ப, ட, ம என்ற மூன்று எழுத்தும் ட், ம் என்ற இரண்டு புள்ளி எழுத்தும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களைப் படித்து விடலாம். 1990-களில் புதுவையிலும் தமிழகத்திலும் நடந்த அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு இந்த வழியைத்தான் பின்பற்றியது. அதன் முதற் பாடமே 'பட்டா', 'படி' என்ற சொற்களிலிருந்து தொடங்கிற்று. நிலமில்லாத விவசாயத் தொழிலாளிக்குப் 'பட்டா' என்ற சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. தெரிந்த சொல்லின் ஒலிகளைக் கூட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடியும் கூட்டினார்கள். பெரியவர்களுக்குக் கை கொடுத்த முறை சிறுவர்களுக்குக் கை கொடுக்காமல் போகுமா?

சோவியத் நாட்டு உளவியலாளர் எல்கோனின் இதற்கு ஓர் எளிய வழியைக் கண்டார். குழந்தைக்கு ஒரு படத்தைக் காட்டுவது. படத்தின் கீழே கட்டங்கள் வரைவது. அந்தப் பெயரில் எத்தனை ஒலியோ அத்தனை கட்டம். குழந்தை ஒவ்வோர் ஒலியாகச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வில்லையைத் தள்ள வேண்டும். பிறகு கட்டங்களை ஒரே ஓட்டமாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று உலகின் பல நாடுகளில் ஆசிரியர்கள் அவர் பெயராலேயே இந்தக் கட்டங்களை வழங்குகிறார்கள். நமக்கு வில்லை கூட வேண்டாம். வாசலில் கரிக்கோடும் கைப்பிடிப் புளியங்கொட்டையும் போதும்.

இங்கே உழைக்கும் தாய்மார்களுக்கு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல விரும்புகிறோம். ஒலியைக் கூட்டுவது முதலில் காதின் வேலை, பிறகுதான் கண்ணின் வேலை. எழுத்தே அறியாத தாயும் அதைத் தொடங்கி வைக்கலாம். நாற்று நட்டுத் திரும்பும் வழியிலோ, அடுப்பங்கரையிலோ, "பூ... னை, என்ன சொல்?" என்று கேளுங்கள். பிள்ளை "பூனை" என்று சொல்லும். அடுத்து "ப... ழ... ம்". அடுத்து "ம... ர... ம்". நாள் ஆக ஆக இடைவெளியைக் குறையுங்கள். மலை, நிலா, மாமா போல மூச்சை நிறுத்தாமல் நீட்டிச் சொல்லக் கூடிய ஒலிகளை முதலில் எடுங்கள். பிறகு பிள்ளையை உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள். தினம் ஐந்து நிமிஷம் போதும். "எனக்கே படிப்பில்லை, நான் என்ன சொல்லிக் கொடுப்பேன்?" என்ற தாழ்வு மனப்பான்மையை விட்டொழியுங்கள்.

ஆனால் வீட்டின் முயற்சியைக் காட்டிச் சர்க்கார் நழுவிக் கொள்ள விடமாட்டோம். வசதி படைத்தவன் டியூஷன் வைத்துச் சரிக்கட்டிக் கொள்கிறான். கூலி வேலைக்குப் போகிறவன் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அந்த வகுப்பறையின் நிலை என்ன? 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஐந்து வகுப்புகள் உள்ள ஆரம்பப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களே போதும். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கு போட்டுக் கொண்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அது ஒலி கூட்டுவதைக் காது கொடுத்துக் கேட்க யாருக்கு நேரம் இருக்கும்? ஆசிரியர்களை நாம் குறை கூறவில்லை. அவர்களும் நம்மைப் போல் உழைப்பவர்களே.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்ற பெற்றோரின் ஆசையை நாம் பழிக்கவில்லை. ஆனால் வீட்டில் கேட்டறியாத மொழியில் ஒலிகளைக் கூட்டினால், கூட்டிய சொல் சரியா தப்பா என்று பிள்ளைக்கே தெரியாது. தமிழில் 'ப, ழ, ம்' என்று கூட்டியவுடன் பழம் கண் முன்னே வருகிறது. கூட்டும் வித்தை ஒரு மொழியில் கைவந்தால் அடுத்த மொழிக்கும் உதவும். ஆகவே முதலில் தமிழில் கூட்டப் பழக்குங்கள்.

இங்கிலாந்தில் 2012-ஆம் வருஷம் முதல் ஒன்றாம் வகுப்பின் இறுதியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓர் ஆசிரியர் தனியே அமர்ந்து நாற்பது சொற்களைப் படிக்கக் கேட்கிறார். அவற்றில் பாதி, பொருளே இல்லாத பொய்ச் சொற்கள். மனப்பாடம் செய்தவன் அங்கே மாட்டிக் கொள்வான், கூட்டத் தெரிந்தவன் படித்து விடுவான். பிள்ளையைப் பெயிலாக்க நாம் சோதனை கேட்கவில்லை. யாருக்கு இன்னும் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று அறிவதற்கே கேட்கிறோம்.

ஆகவே நாம் கோருவது இவைதான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் தினமும் அரை மணி நேரம் ஒலி கூட்டிப் படிக்கும் பயிற்சிக்கு ஒதுக்கப்பட வேண்டும். பிள்ளைகள் எத்தனை குறைவாக இருந்தாலும் ஒன்றாம் வகுப்புக்குத் தனி ஆசிரியர் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதை வாரம் ஒரு முறையாவது தனியே கேட்க வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களுக்கு இந்தப் பயிற்சி தர வேண்டும். அவர்களைக் 'கௌரவ ஊழியர்' என்று பெயரிட்டுச் சொற்பத் தொகை தரும் வழக்கத்தை ஒழித்து, ஆசிரியருக்குரிய ஊதியமும் தர வேண்டும்.

கற்பதற்கு நேரம் வேண்டும், நேரத்தைப் போராடித்தான் பெற வேண்டும் என்பது புதுவைப் பாட்டாளிகளுக்குப் புதிய செய்தியல்ல. 1919-இல் லெனின் கையெழுத்திட்ட எழுத்தறிவுச் சட்டம், படிக்கப் போகும் தொழிலாளிக்குச் சம்பளத்தைக் குறைக்காமல் வேலை நேரத்தில் இரண்டு மணியைக் குறைத்தது. இங்கே 1936 ஜூலை 30-இல் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. அன்று சங்கு ஊதிய ஆலைகள் இன்று மூடிக் கிடக்கின்றன. ஆனால் அந்தத் தியாகத்தால் கிடைத்த மாலைப் பொழுது நம் பிள்ளைகளுக்கும் சொந்தமானது.

பாரதி உலவிய குயில் தோப்பு கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. பாரதிதாசன் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்த நகரம் இது. அவர்கள் பெயரை விழா மேடைகளில் சொன்னால் மட்டும் போதாது. அவர்கள் எழுதியதைக் கூலிக்காரன் மகளும் தானே எடுத்துப் படிக்க வேண்டும்.

தோழர்களே! பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கு இடம் தரும்படி சட்டமே சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்குச் சேர்ந்து போங்கள். "என் பிள்ளை எத்தனை எழுத்துச் சொல்கிறது?" என்று கேட்காதீர்கள். "என் பிள்ளைக்குக் கூட்டிப் படிக்க வருகிறதா? வராவிட்டால் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை கேளுங்கள்.