விடுதலைக்குப் பின் வீட்டு வாடகை

பாலியல் தொழிலாளர் உரிமைகள் பற்றிய புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று பிறப்பித்த உத்தரவும், அடுத்து ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘மிஷன் சக்தி’ என்னும் மகளிர் நலத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளும், மறுவாழ்வுப் பணியில் இருக்கும் நம் ஒவ்வொருவரையும் ஓர் அபிப்பிராயம் கூறுமாறு நிர்ப்பந்திக்கின்றன. விருப்பத்திற்கு மாறாகப் பாதுகாப்பு இல்லங்களில் வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்துக் காலவரம்பிற்குள் விடுவிக்க வேண்டுமென்ற பணிப்பை இவ்விதழ் மனமார வரவேற்கிறது. விலாசச் சான்று கேளாமல் ஆதார் வழங்க வழி செய்ததையும் அவ்வாறே வரவேற்கிறது. கடத்தலிலிருந்து மீட்கப்பட்டோருக்கான உஜ்வாலாவும், ஆதரவற்ற பெண்களுக்கான ஸ்வாதார் கிருஹமும் அந்நெறிகளின்படி இணைந்து ‘சக்தி சதன்’ என்னும் ஒரே இல்லத் திட்டம் ஆனதில் நிர்வாகச் சௌகரியம் உண்டு; அவ்வளவே.

ஆயினும், கதவு திறந்தபின் வெளியே வரும் பெண் அன்றிரவு எங்கே தங்குவார் என்னும் கேள்வி, இவ்விதழ் பலமுறை எழுப்பிய அதே நிலையில், இன்றும் அநாதையாகவே நிற்கிறது. 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பெற்றோரோ பாதுகாவலரோ கணவரோ அவரை ஏற்கத் தக்கவர்தாமா என்று விசாரிக்கச் சொல்கிறது. தக்கவர் ஒருவரும் இல்லையெனில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இல்லத்தில் வைக்க அதிகாரமளிக்கிறது. அவ்விரண்டுமன்றி, தாமே வாடகை கொடுத்துத் தம் பெயரில் ஒரு வீட்டில் குடியிருக்கும் சுதந்திரப் பிரஜையாக அவரைக் கருதும் எண்ணம் சட்டத்திற்கும் தோன்றவில்லை, அதைப் பின்பற்றி நிதி ஒதுக்குவோருக்கும் தோன்றவில்லை.

மிஷன் சக்தி நெறிகள் இல்லவாசியின் பெயரில் மாதந்தோறும் வங்கியில் இட்டு, வெளியேறும்போது அளிப்பது 500 ரூபாய். மூன்றாண்டுகள் முழுமையாகத் தங்கியவர் கையிலும் சேருவது 18,000 ரூபாய். சென்னையில் ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள போர்ஷனுக்குக் கேட்கும் அட்வான்ஸுக்கே அது போதாது. தையற்பயிற்சிச் சான்றிதழோடும் பள்ளி செல்லும் மகளோடும் வீடு தேடிச் செல்பவரிடம், ‘வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்?’ என்பதே முதற்கேள்வியாக வருவதையும், ஆதார் அட்டையில் இல்லத்தின் விலாசம் அச்சாகியிருப்பின் பேச்சு அத்துடன் முடிந்துவிடுவதையும், உடன் சென்ற நம் பணியாளர்கள் அறிவார்கள். சில மாதங்களில் பழைய தரகனே அட்வான்ஸ் தொகையுடன் வந்து நிற்கிறான். அரசு கொடுக்க மறுத்ததை அவன் கொடுக்கிறான்.

மாணவியர் விடுதிகள் சேர்க்க மறுத்த தேவதாசி குலத்துப் பெண்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் வீட்டிலேயே இடமளித்ததிலிருந்து அவ்வை இல்லம் பிறந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இத்தனை காலத்திற்குப் பின்னும், படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் கட்டட வாடகைக்கும் மானியம் கணக்கிட்டு, அதையும் தவணை தவறி அனுப்பிவிட்டு, வாயிலைத் தாண்டியவரையெல்லாம் ‘மறுவாழ்வு பெற்றோர்’ என்று பதிவேட்டில் ஏற்றித் திருப்தியடையும் அதிகாரிகளின் போக்கை நாம் இனியும் மரியாதையின் பொருட்டு மௌனமாகச் சகித்துக்கொண்டிருப்பது தகாது. உஜ்வாலாவிலே ‘இடைநிலை இல்லம்’ என்றொரு கூறு இருந்தது. வேலைக்குச் செல்லத் தொடங்கிய சிலர் ஒன்றுகூடி, குறைந்த மேற்பார்வையில் ஊருக்குள்ளேயே வாழும் ஏற்பாடு அது. அதை விரித்து வளர்க்க வேண்டிய சமயம் இதுவே.

பெண்களின் பாதுகாப்புக்கென 2013-இல் மத்திய அரசு 1,000 கோடி ரூபாயுடன் தொடங்கிய நிர்பயா நிதியிலிருந்து, இல்லத்திற்கன்றிப் பெண்ணுக்கே உரியதாக, அட்வான்ஸும் குறைந்தது இரண்டாண்டு வாடகையும் அளிக்கப்பட வேண்டும். அவர் எந்த ஊரில் குடியேறினாலும் அத்தொகை அவரைத் தொடர வேண்டும். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளில் இவர்களுக்கு முன்னுரிமை வழங்கி, பயனாளியின் பங்குத்தொகையை மாநில அரசே ஏற்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையில் எப்பிரிவின் கீழ் வீடு தரப்பட்டதென்னும் குறிப்பு இருத்தல் கூடாது. இக்கோரிக்கைகளுக்கு ஆதாரம் நம் பதிவேடுகளிலேயே உள்ளது. சென்ற ஆண்டு வெளியேறியவர்களுள் தொடர்பில் இருக்க இசைந்தோரிடம், எத்தனை வீடு மாறினார்கள், எவ்வளவு வாடகை தருகிறார்கள், அட்வான்ஸ் எங்கிருந்து வந்தது என்பவற்றைக் கேட்டறிந்து, பெயரும் விலாசமும் நீக்கி, வரவு செலவுத் திட்டம் தயாராகுமுன் மாவட்ட ஆட்சியரிடமும் சமூக நலத்துறையிடமும் ஒவ்வோர் இல்லமும் எழுத்துமூலம் அளிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.