ஆத்து மணல் கேட்டு வராதீங்க

நம்ம வாசகர்கள்ல பல பேர் சென்னையிலயும் பெங்களூர்லயும் உத்தியோகம் பார்த்துட்டு, கடைசிக் காலத்துக்கு ஸ்ரீரங்கத்துல ஒரு வீடு கட்டணும்னு ஆசைப்படுறவங்க. நல்ல ஆசைதான். ஆனா மனை வாங்கின மறுநாளே என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணேதான்: "ஐயா, நீங்க கொள்ளிடக்கரைக்காரர். உங்க பக்கம் சுத்தமான ஆத்து மணல் நாலு லோடு கிடைக்குமா?"

கிடைக்கும். நீங்க கேக்குற வரைக்கும் கிடைக்கும். அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கங்க.

மணல் கொள்ளையைப் பத்தி வாட்ஸ்அப்பில் வருத்தப்படுறவரும், தன் வீட்டுக்கு மட்டும் ஆத்து மணல் கேக்குறவரும் பெரும்பாலும் ஒரே ஆளாத்தான் இருக்கார். மேடையில் திட்டுறதுக்கு அரசியல்வாதி இருக்கான், லாரிக்காரன் இருக்கான். லாரிக்காரன் மணலை அள்ளி அவன் வீட்டிலயா கொட்டிக்கிறான்? உங்க மனை வாசல்ல கொட்டுறான். எங்க ஊர் இளவட்டங்கள்லயும் சில பேர் ராத்திரி லோடு ஏத்தப் போறாங்க. அதை நான் மறைக்கல. ஒரு ராத்திரிக் கூலி, வயல்ல ஒரு வாரக் கூலிக்குச் சமம்னா பையன் எங்க போவான்? அந்தக் காசு கிளம்புற இடம் வீடு கட்டுறவரோட பாக்கெட்.

"ஆத்துல மணல் மறுபடி வந்துடுமே" என்பது அடுத்த வாதம். 1934ல் மேட்டூர் அணை வந்ததுக்கு அப்புறம், மேலேயிருந்து உருண்டு வர்ற மணல்ல பெரும்பகுதி அங்கேயே தங்கிடுது. கீழே வந்து சேர்ற பவானிக்கும் அமராவதிக்கும் தனித்தனியா அணை இருக்கு. இன்னைக்கு ஒரு பொக்லைன் ஒரு நாள்ல அள்ளுற மணலை ஆறு கொண்டாந்து சேர்க்க எத்தனை வெள்ளம் வேணுமோ, யாருக்கும் பொறுமை கிடையாது. நாம எடுக்கிறது வட்டி இல்லை, முதல்.

மணல் போனா என்ன போகும்னு எங்க கரைக்காரங்களைக் கேளுங்க. ஆத்து மணல் ஒரு பெரிய பஞ்சு மாதிரி. தண்ணி ஓடுற நாலு மாசம் குடிச்சு வச்சுக்கிட்டு, மிச்ச எட்டு மாசம் கரையோரக் கிணத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா விடும். நான் விவசாயத்துக்கு வந்த புதுசுல எங்க வயல்ல 40 அடியில தண்ணி. இப்ப 120 அடிக்குக் கீழே மோட்டார் இறக்கியிருக்கேன். எல்லாத்துக்கும் மணல் ஒண்ணே காரணம்னு சொல்ல மாட்டேன், போர் எண்ணிக்கையும் கூடிப்போச்சு. ஆனா ஆத்துத் தரை இறங்கினா கரைக் கிணத்து மட்டமும் சேர்ந்து இறங்கும். வாய்க்கால் தலைப்பு மேலேயும் ஆறு கீழேயும் கிடந்தா, ஆத்துல தண்ணி ஓடும், வாய்க்கால்ல ஏறாது. இது எங்க பாடு மட்டும் இல்லீங்க. திருச்சி மாநகராட்சி குடிக்கிறதும் இந்த ஆத்துப் படுகைத் தண்ணிதான். ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் திருச்சி பக்கத்துக் காவிரியிலிருந்துதான் குழாய் போகுது. நீங்க கட்டப்போற வீட்டுல குழாயைத் திறந்தா வர்றதும் அதே தண்ணி.

2018 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கா? கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்போ, திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் சேர்த்த, 1928ல் கட்டின பழைய இரும்புப் பாலத்தோட தூண்கள் சரிஞ்சு விழுந்துச்சு. நல்லவேளை, பக்கத்துல புதுப் பாலம் 2016லயே வந்துட்டதால பஸ் அதுல ஓடிக்கிட்டு இருந்தது. அதே மாசம் 22ஆம் தேதி ராத்திரி முக்கொம்பு மேலணையில 9 மதகு அடிச்சுட்டுப் போச்சு. 1836ல் ஆர்தர் காட்டன் காலத்துல கட்டினது. பதிலுக்குப் புதுக் கதவணை கட்ட 387 கோடி ரூபாய் ஆச்சு. வயசான கட்டுமானம், விழத்தான் செய்யும்னு சொல்றவங்க இருக்காங்க. வயசு உண்மை. ஆனா அந்தத் தூணுங்க அதுக்கு முன்னாடி எத்தனையோ பெரிய வெள்ளத்தைப் பார்த்துட்டு நின்னவை. ஒரு தூணுக்குப் பலம் அதோட கல்லுல பாதி, அதைச் சுத்தி இறுக்கிப் பிடிச்சிருக்கிற மணல்ல பாதி. கல்லணையே மணல் படுகை மேல கல்லை இறக்கிக் கட்டினதுதான். அந்தப் படுகையை உருவிட்டா எந்த இன்ஜினீயர் வந்தும் பயன் இல்லை.

இனி "தரம்" வாதத்துக்கு வர்றேன். "எம்.சாண்ட் வச்சா சுவர் வெடிக்கும், ஆத்து மணல்தான் கேரண்டி" என்று மேஸ்திரி சொல்றார், நாம நம்புறோம். என் மச்சான் மகன் திருவானைக்காவல் பக்கம் வீடு ஆரம்பிச்சப்போ கூடப் போயிருந்தேன். சப்ளை பண்றவர் ஒருத்தர், "அசல் ஆத்து மணல் சார், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று ராத்திரி ஒரு லோடு கொட்டிட்டுப் போனார். விலை எம்.சாண்டைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. நடைச்சீட்டும் இல்லை, பில்லும் இல்லை. "மாமா, இது நல்ல மணலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றான் பையன். ஒரு கண்ணாடி டம்ளர்ல பாதி மணல் போட்டு, உப்புத் தண்ணி ஊத்திக் குலுக்கி வைக்கச் சொன்னேன். மூணு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, மேல விரக்கடை உயரத்துக்கு வண்டல். மணல் உயரத்துல 8 சதவீதத்துக்கு மேல வண்டல் நின்னா அந்த மணல் ஆகாதுன்னு கட்டடக்காரங்களே வச்சிருக்கிற கணக்கு. இங்க கால்வாசி நின்னுச்சு. ஏரி ஓடைச் சவுட்டைக் கழுவி 'ஆத்து மணல்'னு விக்கிறாங்க. ஆத்து மணல் கிடைக்காத காலத்துல ஆத்து மணல் கேட்டா, இந்தச் சரக்குதான் வரும். பில் இல்லாததால யார்கிட்டயும் போய்க் கேக்கவும் முடியாது.

எம்.சாண்ட் என்பது கருங்கல்லை உடைச்சு, வடிவமாக்கி, சலிச்சு எடுக்கிற மணல். கான்கிரீட்டுக்கு என்னென்ன மணல், ஜல்லி ஆகும்னு சொல்ற ஐ.எஸ். 383 என்கிற இந்தியத் தரநிலையிலேயே உடைச்ச கல் மணலுக்கு இடம் இருக்கு. பாலமும் மேம்பாலமும் அதுல கட்டுறாங்க. அப்புறம் ஏன் சில வீடுகள்ல வெடிக்குது? ரெண்டு காரணம் நான் கண்ணால பார்த்தது. ஒண்ணு, கிரஷர்ல ஜல்லி உடைக்கும்போது விழுற தூளை எம்.சாண்ட்னு தள்ளி விடுறாங்க. அதுல மாவு ஜாஸ்தி. கையில எடுத்துத் தேய்ச்சா டால்கம் பவுடர் மாதிரி ஒட்டினா, அது கிரஷர் தூள், திருப்பி அனுப்புங்க. ரெண்டாவது, எம்.சாண்ட் கலவை கொஞ்சம் கெட்டியா இருக்கும். வேலை சுலபமாகணும்னு சித்தாள் குடம் குடமாத் தண்ணி ஊத்துவார். வீட்டுக் கான்கிரீட்டுக்குக் குறைஞ்சபட்சத் தரம் எம்20. அதைக் கைக்கணக்குல கலக்கும்போது ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல தண்ணி போகக் கூடாதுன்னு ஐ.எஸ். 456 சொல்லுது. எந்தக் கட்டட வேலையில லிட்டர் பார்த்து ஊத்துறாங்க, சொல்லுங்க? பூச்சுக்கு எம்.சாண்டைப் போட்டுட்டு சொரசொரப்பா இருக்குன்னு திட்டுறாங்க. பூச்சுக்குத் தனியா பி.சாண்ட் இருக்கு.

இதுதான் என் சண்டை. மணல் எந்த ஆத்துலேருந்து வந்துச்சுன்னு ஆயிரம் கேள்வி கேக்குறவர், வீட்டோட ஆயுசைத் தீர்மானிக்கிற சாமான்ல ஒரு கேள்வியும் கேக்க மாட்டேங்குறார். கம்பியை எடுத்துக்கங்க. கடைக்காரர் சொன்ன எடையை அப்படியே நம்பிப் பணம் கட்டுறோம். 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம் இருந்தா சுமார் 10.66 கிலோ நிக்கணும். 8 மில்லிமீட்டர்னா சுமார் 4.74 கிலோ. 12 மில்லிமீட்டர்ல 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதுக்கு மேல குறைஞ்சா அந்தக் கம்பி சன்னமாப் போட்டது. ஒரு கம்பியை எடுத்துத் தராசுல வைக்க அஞ்சு நிமிஷம் ஆகுமா? கம்பி மேல ஐ.எஸ். 1786 முத்திரை இருக்கான்னு பார்க்க ஒரு நிமிஷம்.

சிமெண்ட் மூட்டையில தயாரிச்ச வாரமும் வருஷமும் அச்சடிச்சிருப்பாங்க. மூணு மாசம் தாண்டினது, ஈரத்துல கட்டி தட்டினது வேண்டாம். நம்ம டால்மியாபுரமும் அரியலூரும் பக்கத்துலேயே இருக்கு, புது மூட்டை கிடைக்காத ஊரா இது? அப்புறம் தண்ணி காட்டுறது. சாதா சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாளாவது ஈரம் காயாம வச்சிருக்கணும். நம்ம வெயில்ல சுவர் வெடிக்கிறதுக்குப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கு. மூணாம் நாள் சாக்கை உருவிட்டு, பழியை எம்.சாண்ட் மேல போடுறாங்க.

செங்கல்லுக்கும் இதே கதைதான். "நாட்டுச் செங்கல்தான் குளுமை" என்கிறார் நகரத்து அண்ணன். அந்தக் கல்லு யாரோ ஒரு விவசாயியோட மேல்மண். கடன்பட்டவன் மூணு அடி ஆழத்துக்குச் சூளைக்கு வித்துடுறான். அவன் வயல் பள்ளமானதும் பக்கத்து வயல்ல கட்டின தண்ணி வரப்பு வழியா அங்கே இறங்கிடும். மண்ணை வித்தது ஒருத்தன், பயிர் காயறது இன்னொருத்தனுக்கு. மேட்டூர் மாதிரி அனல் மின் நிலையங்கள்ல குவிஞ்சு கிடக்கிற சாம்பல்ல செய்யுற ஃபிளை ஆஷ் கல்லு தாராளமா கிடைக்குது. எந்தக் கல்லா இருந்தாலும் ரெண்டை ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, கணீர்னு கேக்கணும். இடுப்பு உயரத்துலேருந்து போட்டா உடையக் கூடாது. செங்கல்லுன்னா ஒரு நாள் தண்ணியில ஊறப்போட்டு எடை போடுங்க. தன் எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல தண்ணி குடிச்சா வேண்டாம்.

"எம்.சாண்டுக்கு மலையை உடைக்கிறாங்களே, அது பாவம் இல்லையா?" என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. கரூர், புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கத்துக் குவாரிக் கிராமங்கள்ல தூசியும் வெடிச் சத்தமும் கொஞ்சமா இல்லை. எம்.சாண்ட் ஒண்ணும் புனிதமானது கிடையாது. அதனால அதையும் அளவா வாங்குங்கன்னுதான் சொல்வேன். ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை சிமெண்டும், மூணரை நாலு டன் கம்பியும் ஆகும்னு மேஸ்திரிங்க கணக்குப் போடுவாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் இருக்க மூவாயிரம் சதுர அடி எதுக்கு? வருஷத்துல பத்து நாள் வர்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை, அதுல பூட்டு. ஆத்தைக் காப்பாத்தணும்னு நிஜமாவே நினைச்சா, பிளான் போடுற மேஜையிலேயே ரெண்டு அறையைக் குறைங்க.

2003லேருந்து ஆத்து மணல் எடுக்கிறது அரசாங்கத்தோட கையில. அதுக்கு முன்னாடியும் குழி விழுந்துச்சு, அதுக்கு அப்புறமும் விழுது. கோர்ட்டு உத்தரவு, ரெய்டு எல்லாம் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. நான் முப்பது வருஷமாப் பார்க்குறேன், ஆட்சி மாறுது, லாரியோட நிறம் மாறுது, லோடு நிக்கல. வாங்குறவர் நிறுத்தினாத்தான் நிக்கும்.

அதனால சப்ளையர்கிட்ட முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேளுங்க. குவாரியோட பேர் போட்ட நடைச்சீட்டும் ஜி.எஸ்.டி. பில்லும் லோடோட வருமா? பொதுப்பணித்துறை தரச்சான்று வாங்கின எம்.சாண்ட் ஆலையா? நான் சொல்ற எடை மேடையில லாரியை நிறுத்துவீங்களா? சரக்கு டம்ளர் சோதனையில தேறலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா? இந்த நாலுக்கும் ஆமாம்னு சொல்றவர் ஒரு யூனிட்டுக்கு நூறு இருநூறு கூடக் கேட்டாலும் அவர்கிட்டயே வாங்குங்க. "சார், ஆத்து மணல் ரெண்டு லோடு ரகசியமா இருக்கு, ராத்திரி இறக்கிடலாமா?" என்று குரலைத் தாழ்த்திப் பேசுறவர்கிட்ட கம்பியும் வாங்காதீங்க, சிமெண்டும் வாங்காதீங்க. மணல்ல திருட்டுச் சரக்கு விக்கிறவர் கம்பியில மட்டும் யோக்கியரா இருப்பார்னு நான் நம்ப மாட்டேன்.

ஸ்ரீரங்கத்துக்குக் குடி வாங்க, சந்தோஷம். ரெண்டு பக்கமும் ஆறு ஓடுற ஊர்னுதானே ஆசைப்பட்டு வர்றீங்க? என்கிட்ட எம்.சாண்ட் ஆலை விலாசம் கேளுங்க, விசாரிச்சுச் சொல்றேன். கம்பி எடை போட ஆள் வேணும்னா நானே தராசு எடுத்துட்டு வர்றேன். ஆத்து மணல் மட்டும் கேக்காதீங்க.