சத்திரங்களை மறக்கலாமா?



ஜி.எஸ்.டி. சாலையில் எங்கள் படாளத்தைத் தாண்டித் தெற்கே போகிறவர்களுக்கு வழியெங்கும் ஹோட்டல்கள் உண்டு. அன்றைய ராமேசுவர யாத்ரீகர்களுக்குச் சத்திரங்கள்தான்.

ஒரத்தநாட்டில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தை ஒருமுறை பாருங்கள். குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேராக அதன் முகப்பின் அடித்தளத்தைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். என்ன கைத்திறன்! தஞ்சைச் சத்திரங்களைப் பற்றி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு 1801-இல் சரபோஜி எழுதிய கடிதம் இன்னும் வியப்பானது: சாதி பாராமல் சோறு, நோயாளிக்கு வைத்தியர், குழந்தைக்குப் பால்; நள்ளிரவில் மணியடித்து, சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டு உணவிட்டார்களாம்.

தரங்கம்பாடியில் பழைய கலெக்டர் பங்களாவைப் புதுப்பித்து விடுதியாக்கினார்கள். அதுபோல முக்தாம்பாள் சத்திரத்தின் ஒரு பகுதியையாவது அரசு செப்பனிட்டு, குறைந்த வாடகையில் பயணிகள் தங்கத் திறந்துவிட வேண்டும்.

- வாசகர், படாளம்