நாய்க்கு “கு.க.” ஆபரேஷன்: ஆவுடையார்கோவில்காரர் எங்கே போவார்?

தெரு நாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் வேலை. வீட்டு நாய்க்கு? வளர்ப்பவரே பொறுப்பு என்கிறது 2023-ம் ஆண்டு மத்திய அரசு விதி.

சரி, எங்கே போவது? கிராமத்து மாட்டாஸ்பத்திரிக்கு மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குத் தடுப்பூசி போடவே நேரம் சரியாக இருக்கும். பெட்டை நாய்க்கு ஆபரேஷன் என்றால் லேசா? மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுக்க வேண்டும். தையல் ஆற 10 நாள் கவனிப்பு வேறு!

பெரிய வசதி தேடினால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. அறந்தாங்கி, பட்டுக்கோட்டை தாண்டிப் போக வேண்டும். கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, நாயோடு வண்டி பிடிப்பாரா?

போகாவிட்டால் 9 வாரத்தில் குட்டிகள் ரெடி. கடுவன் குட்டிக்கு ஆள் கிடைக்கும். பெட்டைக் குட்டி கோணிப்பையில் ஏறி, சந்தை ஓரம் இறங்கும். வளர்ந்ததும் அதுவும் “தெரு நாய்”! பிறகு அதைப் பிடிக்க ஊர்ப் பணம்.

சென்னையில் புளூ கிராஸ் 1964-லேயே தொடங்கிய வேலை இது. மாதம் ஒரு நாள் தாலுகாவில் கருத்தடை முகாம் போட்டால், வளர்ப்பவர் சாக்குச் சொல்ல முடியாது. மதகை அடைக்காமல் தண்ணீரை இறைத்து என்ன பயன்?